புட்டியிலிருந்த எச்சரிக்கை



அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆயிரம் சல்பாதயாசோல் மாத்திரைகள் கொண்ட புட்டி வாங்கினார். வைத்தியர் சொல்லாமல் கொடுக்கலாகாது, சிலருக்குக் கடுமையான தீங்கு விளையும் என்று அதன் மேற்சீட்டு எச்சரித்தது. அவரோ மருந்துச்சீட்டுக் கேளாமல், பன்னிரண்டு பன்னிரண்டாக இரு தடவை, சிறு பெட்டிகளிலிட்டு விற்றார். பெட்டியின்மேல் மருந்தின் பெயர் மாத்திரம்.

1948-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் குற்றவாளியே என்று தீர்த்தது.

அவர் எழுதியதில் பொய் ஏது என்பீர்கள். மெய்தான், ஓர் எழுத்தும் பொய்யன்று. ஆனால் அந்த எச்சரிக்கை அலமாரிக்காகவா அச்சிடப்பட்டது? விழுங்குகிறவனுக்கு அது போய்ச் சேரவில்லையே! கேட்டதைத்தானே கொடுத்தேன் என்று துணி விற்பவன் சொல்லலாம். துணியை வாங்குகிறவன் தொட்டுப் பார்க்கிறான். மருந்து வாங்குகிறவன் எதைத் தொட்டுப் பார்ப்பான்?

சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளை 1951-ல் சட்டமாக வகுத்தவர்கள் டர்ஹாம், ஹம்ப்ரி. இருவருமே மருந்துக்கடைத் தொழில் செய்தவர்கள்.