எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய மோட்டார்க் கார் ஒன்றை வைத்திருப்பவரைத் தேடி இரண்டு வகையான மனிதர்கள் வருவார்கள். 'இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போடுங்கள். ஏ.சி.யும் பூட்டலாம்' என்பார் ஒருவர். 'ஒரு பொல்ட்டையும் மாற்றாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குங்கள்' என்பார் மற்றவர். முதலாமவரை நாகரிகத்தின் பிள்ளை என்றும் இரண்டாமவரைப் பழைமையின் காவலர் என்றும் நாம் இலகுவாகப் பெயர் சூட்டிவிடுகின்றோம். அந்தப் பெயர்கள் பொருந்துகின்றனவா என்பதே என் கேள்வி.

எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் இருக்கின்றது. 1957ஆம் ஆண்டுக் கார். 948 சி.சி. எஞ்சின். வாப்பா அதனை மாவனல்லையிலிருந்து கண்டிக்குக் கடைச் சாமான் எடுக்க ஓட்டினார். கடுகண்ணாவை ஏற்றத்தை அது எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். வாப்பா வபாத்தான பின்னர் அது கொட்டிலில் நின்றது. இப்போது அதனை என்ன செய்வது என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் இடையே பேச்சு நடக்கின்றது. தம்பி எஞ்சினை மாற்றச் சொல்கிறான். கொழும்பிலிருந்து வந்து பார்த்த ஒருவர், அசல் நிலைக்குக் கொண்டுவந்தால் நல்ல விலை தருவதாகச் சொல்லிப் போயிருக்கின்றார். வீட்டுக்கு வெளியே இது சின்ன விடயம். ஆனால், நமக்கு முன்னிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பொருளுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கின்றோம் என்ற பெரிய வினா இதற்குள் இருக்கின்றது.

முதலில் 'அசல்' என்ற சொல்லைப் பார்ப்போம். மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்தி தொடங்கவிருந்த கடைசிக் கட்டத்தில், கார் ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த வெட்டின் தழும்புதான். அவர் மனதில் இருந்த புதிய எஞ்சினும் கிடைக்கவில்லை. யுத்தத்துக்கு முந்திய மொரிஸ் எய்ட் காரின் 918 சி.சி. எஞ்சினோடுதான் மைனர் சந்தைக்கு வந்தது. கீழே கிறிலுக்குள் இருந்த விளக்குகள் அமெரிக்கச் சட்டத்துக்கு அமையச் சில ஆண்டுகளுக்குள் மேலே மட்கார்டுக்கு ஏறின. 1956இல், இரண்டாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒன்றாகியது.

அதாவது, நாம் அசல் என்று தொழுது நிற்கும் பொருளே பல திருத்தங்களின் விளைவு. ஒரு குறிப்பிட்ட நாளைத் தெரிந்தெடுத்து, 'இதற்கு முன்னர் நடந்ததெல்லாம் ஆக்கம், இதற்குப் பின்னர் நடந்ததெல்லாம் பழுது' என்று நாம் கோடு கிழிக்கின்றோம். கோடு கிழிப்பதில் தவறில்லை. அதனைக் கிழித்தவர்கள் நாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு இப்படியொரு கோடு வழக்காக வந்தது. 'ஓல்ட் நம்பர் வன்' எனப்பட்ட பென்ட்லி கார் 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் எஞ்சின் மாறியது, உடல் மாறியது. 1932இல் புரூக்லன்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி அதன் சாரதி உயிரிழந்தார். மீண்டும் கட்டப்பட்டது. பல தசாப்தங்களின் பின் ஒரு கோடி பவுண் பெறுமதியான பேரத்தில் அதனை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது உண்மையான கார் அல்லவென்று பின்வாங்கினார்கள். முதல் வெற்றியின்போது அதிலிருந்த பாகங்களில் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஒட்டன் அறிந்திருந்தார். என்றாலும், அந்தக் கார் எந்த நாளிலும் இல்லாமற்போய் வேறொன்று அதன் இடத்துக்கு வரவில்லை, அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது, ஆகவே அந்தப் பெயருக்கு அதுவே உரித்துடையது என்று தீர்ப்பளித்தார். கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட பழைய கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பணக்கணக்கோடு விடை சொல்ல நேர்ந்தது. பலகைகள் மாறலாம், பயணம் அறுபடக் கூடாது என்பதே அந்த விடை.

இந்த விடை தம்பிக்கு மிகவும் பிடித்தது. "அப்ப நான் சொன்னதுதானே நானா சரி? வாப்பாவும் மாத்திக்கிட்டேதானே வந்தாரு" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கின்றது. வாப்பா அருங்காட்சியகம் நடத்தவில்லை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து இரும்புத் தலைகளில் வால்வு அமரும் இடம் ஈயத்தின் காப்பில்தான் தேயாமல் இருந்தது. வாப்பா சிலிண்டர் தலையைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, கடின உருக்கு வளையங்களைப் பதிக்கச் செய்தார். அசலைப் பேணுகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் எஞ்சின் நாளடைவில் கெட்டிருக்கும். காரைக் காப்பாற்றியது ஒரு மாற்றமே. உபயோகிக்கப்படும் பொருளுக்கு மாறும் உரிமை உண்டு. உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்ல ஒரு வாகனம் வேண்டும் என்று தம்பி சொல்லும்போது, 1957ஆம் ஆண்டின் தூய்மையைப் பற்றி நான் அவனுக்கு உபதேசம் செய்ய முடியாது.

ஆனாலும் தம்பியின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. வாப்பா செய்த மாற்றங்கள் கார் தொடர்ந்து அந்தக் காராக ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஜப்பான் எஞ்சினையும் அதன் கியர் பொக்ஸையும் உள்ளே அமர்த்தப் பல வேளைகளில் குறுக்குச் சட்டத்தையும் நடுத்தரையையும் வெட்டவேண்டி வரும். வெட்டியதை நாளை ஒருவர் மனம் மாறிப் பழையபடி ஆக்குவது கடினம். நமக்குப் பின்னால் வருபவரின் தெரிவையும் சேர்த்து நாமே செலவழித்துவிடுகின்றோம்.

கொழும்பிலிருந்து வந்தவரின் பக்கமும் வெறும் வியாபாரமல்ல. இந்தக் கார்கள் இனிமேல் செய்யப்படப் போவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கு வெட்டிக்கொண்டே போனால், அந்தக் காலத்துத் தொழிலாளியின் கைவேலை எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்த மனிதருக்கு நான் மரியாதை வைத்திருக்கின்றேன். ஆனால், அவர் தந்த பட்டியலை வாசித்தபோது மனம் ஒப்பவில்லை. ஆசனத் துணி கழற்றப்பட வேண்டும். நிறம் சுரண்டப்பட வேண்டும். டேஷ்போட்டின் கீழே வாப்பா பூட்டிய இரும்புத் துண்டு அகற்றப்பட வேண்டும்.

அந்த இரும்புத் துண்டு பில் புத்தகத்தைச் செருகி வைப்பதற்காக அவரே அறுத்து, அரத்தால் ராவிப் பொருத்தியது. டிங்கர் வேலைக்கு வந்த பாஸ் அதனைப் பார்த்துவிட்டு, "இத களட்டவா நானா, வெக்கவா?" என்று கேட்டார். தத்துவப் புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக இந்த வினாவை நான் கண்டதில்லை.

மைனரின் தொழிற்சாலைப் பாகங்களில் அனேகமானவற்றை இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றார்கள். றப்பர், விளக்குக் கண்ணாடி, மட்கார்ட் என்று காசு கொடுத்தால் கிடைக்கும். வாப்பாவின் அரம் பட்ட அந்த இரும்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. திரும்ப வாங்கக்கூடியதற்காகத் திரும்ப வாங்க முடியாததைக் குப்பையில் போடுவதற்குப் பெயர் பேணுதலா? எஞ்சினை மாற்றுபவர் செய்தவனை அழிக்கின்றார். தொழிற்சாலை நாளுக்குத் திருப்புபவர் வாழ்ந்தவனை அழிக்கின்றார். இரண்டு பேரின் கையிலும் சுரண்டும் கருவி ஒன்றுதான்.

உலகத்தின் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கும் இது மெல்ல மெல்ல உறைக்கத் தொடங்கியிருக்கின்றது. அமெரிக்காவின் பெபிள் பீச் கண்காட்சியில் நெடுங்காலமாகக் கண்ணாடிபோல் மினுக்கப்பட்ட கார்களே முதற்பரிசை வென்றன. 2024இல் முதன்முறையாக, புதுப்பிக்கப்படாமல் பேணப்பட்ட ஒரு கார் அதனை வென்றது. அது 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. பந்தயத்தில் ஓடிய பின் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் சென்ற கார். அதன் மேல் இருந்த கறுப்பு நிறம் அவருக்காகப் பூசப்பட்டது. பந்தய நாளின் நிறத்துக்குத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. மன்னர் பூசியதை விட்டுவைக்கலாமென்றால் மாவனல்லைக் கடைக்காரர் பூட்டியதை விட்டுவைப்பதில் என்ன குறை?

எழுத்தோடு சம்பந்தப்பட்ட நமக்கு இது புதிய சங்கடமல்ல. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'யை இன்று ஒருவர் மீளப் பதிப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய வாசகனுக்காகச் சந்தி பிரித்து, வசனத்தை உடைக்கலாம். அது எஞ்சின் மாற்றுவது போன்றது. முதற் பதிப்பில் இருந்தவாறே அச்சிடலாம். அப்போது இடையில் வந்த பதிப்பாசிரியர்களின் உழைப்பு உதிர்ந்துபோகும். நல்ல பதிப்பாசிரியர் எதையும் மாற்றாதவர் அல்லர். எங்கே, ஏன் மாற்றினேன் என்பதை அடிக்குறிப்பில் எழுதிவைப்பவர். பழைய பொருளைத் தொடுபவர் எவருக்கும் இந்த அடிக்குறிப்பு ஒழுக்கம் வேண்டும் என்றே நான் கருதுகின்றேன். மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை மறைப்பதே பொய்.

எனினும் எல்லாத் தடயங்களுக்கும் ஒரே மதிப்பில்லை. கார் உயிர்களை ஏற்றிச் செல்கின்ற பொருள். மைனரின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்குகள். நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிமானம் தளரும். 1957இல் கடுகண்ணாவையில் முன்னால் போனவை மாட்டு வண்டிகளும் மெதுவாக ஊர்ந்த லொறிகளும். இன்று அதே வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு இறங்குகின்றன. வாப்பாவின் நினைவென்று சொல்லி அவருடைய பேரப்பிள்ளைகளைப் பழைய பிரேக்கை நம்பி அந்த இறக்கத்தில் கூட்டிச் செல்ல எனக்கு உரிமையில்லை. இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடன், உயிரோடிருப்பவர்களின் உயிரால் தீர்க்கப்படக் கூடாது.

ஆகவே மூன்று கேள்விகளை ஓர் ஒழுங்கில் கேட்க வேண்டும் என்று நினைக்கின்றேன். ஏறி அமர்பவருக்கு இது ஆபத்தா? ஆபத்தென்றால் மாற்றம் கடமை. அகற்றப்போவது மீண்டும் கிடைக்கக்கூடியதா? கிடைக்காதென்றால் கை வைக்கக் கூடாது. நான் செய்வதை எனக்குப் பின் வருபவர் நீக்க முடியுமா? முடியாதென்றால் மிகுந்த தேவை இருந்தாலன்றிச் செய்யக் கூடாது.

தம்பியும் நானும் இப்போதைக்கு உடன்பட்டிருப்பது இவ்வளவுதான். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் வரும். உடலை வெட்டாமல் பொல்ட்டால் பூட்டும் வகையையே எடுப்போம். கழற்றும் டிரம்களுக்குக் கிறீஸ் பூசிப் பெட்டியில் வைப்போம். 948 சி.சி. எஞ்சின் அதே இடத்தில் இருக்கும். அது ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்பது தம்பிக்கு இன்னும் மனக்குறைதான். கொழும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. அந்த விலை எங்களுக்குத் தேவையற்ற பணமல்ல. ஒரு கொப்பியில் வாப்பா செய்த மாற்றங்களை நினைவிலிருந்து எழுதியிருக்கின்றேன். கீழே நாங்கள் செய்யப்போவதற்கு இடம் விட்டிருக்கின்றது. அதற்குப் பின்னும் வெற்றுத் தாள்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பப்போகிறவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்களைச் சந்தேகிக்காமல் வாசிக்க வேண்டும்.