ரன் என்றால் ஓடு மட்டுமா?

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தெரியாதவர் யார்? கிரிக்கெட் பார்க்கும் வாண்டுக்கும் அது தெரியும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்த ஒரு வினைச்சொல்லோடு 9 மாதம் மல்லுக்கட்டினார். கடைசியில் அவர் பிரித்தெடுத்த பொருள்கள் 645. எழுத்தோ மூன்றுதான்!

கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் மூக்கு ஓடவில்லை, ஒழுகுகிறது. கடையை ‘ரன்’ பண்ணுகிறவர் அதை நடத்துகிறார். பால் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துபோயிற்று. நண்பரை ‘ரன் இன்டு’ பண்ணினால் மோதிவிடவில்லை, தற்செயலாகச் சந்தித்தோம். தேர்தல் வந்தால் அமெரிக்கர் ‘ரன்’ பண்ணுகிறார். பிரிட்டன்காரரோ நம்மைப் போலவே நிற்கிறார்.

இத்தனையையும் பட்டியல் போட்டு நெட்டுருப் போட வேண்டுமா? நம்முடைய ‘அடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். பழனிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம். திண்ணையில் அரட்டை அடிக்கிறோம். பரீட்சையில் சிலர் காப்பி அடிக்கிறார்கள். எதிலாவது கை ஓங்குகிறோமா? ‘அடி’க்கு இத்தனை பொருள் என்று எந்த வாத்தியாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. வெயிலோடும் மொட்டையோடும் சேர்ந்தே அது காதில் விழுந்தது. அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

எல்லாப் பொருளும் ஒரே அளவில் புழங்குவதும் இல்லை. டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், கற்பவர்களுக்காக 1953-இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஒரு சொல்லின் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வருகிறது என்பதையும் அதில் குறித்தார். அடிக்கடி வருவதை முதலில் பிடி, அரிதாக வருவது காத்திருக்கட்டும் என்பதே அதன் பயன்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தில் ‘ரன் - ஓடு’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’ என்று, துணைக்கு வரும் சொல்லோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். வாய்விட்டு இரண்டு தரம் சொல்லுங்கள். இன்றைக்கு அந்த ஒரு ‘ரன்’ போதும். மீதி 644-ஐ வழியில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.