பொருளில் இல்லாத தீமை

தீமை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சமயங்கள் சொன்ன விடைகளில் மிக நேரடியானது மானியின் விடை. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த அவர், ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே தனித்தனி மூலங்கள் என்றும், சடப்பொருள் இருளின் பக்கத்தைச் சேர்ந்தது என்றும் போதித்தார். இளமையில் அந்த நெறியில் இருந்த அகஸ்டீன் பின்னாளில் அதை மறுத்தார். தீமை ஒரு பொருளே அல்ல, இருக்க வேண்டிய நன்மையின் குறைவுதான் என்றார். சைவ சித்தாந்தம் வேறு வழியில் போனது. மாயையிலிருந்து பிறந்த உடலும் உலகமும் உயிரைக் கெடுக்க வந்தவை அல்ல, ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குக் கிடைத்த விளக்கு என்பது அதன் நிலை. குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதிகள் செடிகளிலும் பாக்டீரியாக்களிலும் செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் மானி சொன்னது நிற்காது, அகஸ்டீன் சொன்னது முழுதும் போதாது என்பது என் முடிவு. கேடு என்பது ஒரு பொருளுக்குள் குடியிருப்பதல்ல. ஓர் உயிரும் மற்றோர் உயிரும் எந்த நிலையில் சந்திக்கின்றன என்பதில் விளைவது.

இந்த நொதிகளின் வேலை ஒரே வரியில் அடங்கும்: ஒரு குளுக்கோஸை எடுத்து வேறொரு மூலக்கூறின் மீது ஒட்டுவது. செடிகளில் அந்தக் குளுக்கோஸைப் பெரும்பாலும் யூடிபி-குளுக்கோஸ் என்ற சேர்மம் தருகிறது. சோளப் பயிரை எடுத்துக்கொள்வோம். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இரண்டு நொதிகள் ஒரு நிலையற்ற பொருளைச் செய்கின்றன. அப்படியே விட்டால் அது உடைந்து சயனைடை வெளிவிடும். மூன்றாவதாக வரும் குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ் அதன் மீது ஒரு குளுக்கோஸை ஒட்டியதும் அது துரின் என்ற நிலையான பொருளாகி, செல்லுக்குள் தனி அறையில் அடங்கிக் கிடக்கிறது. இந்த ஒட்டுதல் எவ்வளவு முக்கியம் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்குள் சோளத்தின் முதல் இரண்டு மரபணுக்களை மட்டும் செலுத்தியபோது செடி குறுகிப் போனது. மூன்றாவதையும் சேர்த்தபோது நன்றாக வளர்ந்தது, இலை தின்னும் வண்டும் அதைத் தவிர்த்தது. இளஞ்சோளத்தைக் கால்நடை மேயும்போதோ கதை தலைகீழாகிறது. மென்றதும் அறைகள் உடைகின்றன, வேறொரு நொதி அந்தக் குளுக்கோஸை வெட்டி எடுக்கிறது, சயனைடு பிறக்கிறது. செடியைக் காத்த அதே ஒட்டுதல்தான் மாட்டைக் கொல்லும் நஞ்சைச் சேமித்து வைக்கவும் வழி செய்தது. இதில் ஒளி எது, இருள் எது என்று மானியால் பிரித்துக் காட்ட முடியுமா?

இனி குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா. மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் எடுத்த முதியவர்களைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளி உயிரையே பறிக்கக் கூடியது. அதன் முக்கிய நச்சுகள் இரண்டும் குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ்கள்தான் என்பது 1995இல் தெளிவானது. நச்சு நம் குடல் செல்லுக்குள் நுழைந்து, செல்லின் உருவத்தைத் தாங்கும் சட்டகத்தை ஆளுகிற ரோ என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அதன் 37ஆம் இடத்திலுள்ள திரியோனின் மீது ஒரே ஒரு குளுக்கோஸை ஒட்டுகிறது. அவ்வளவுதான்: சட்டகம் சரிகிறது, செல் உருண்டு சுருங்குகிறது, குடல் சுவரின் இணைப்புகள் தளர்கின்றன. ஒட்டப்படும் குளுக்கோஸும் பாக்டீரியா கொண்டு வந்ததல்ல. நம் செல் தன் தேவைக்கு வைத்திருந்த யூடிபி-குளுக்கோஸே அது. அந்தச் சேர்மம் குறைந்துபோன செல்களில் இந்த நச்சு செயலற்றுப் போவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. சோளத்தின் நொதியும் இந்த நச்சும் உறவினர் அல்ல, அவற்றின் மடிப்பே வேறு. செயல் மட்டும் ஒன்று. ஆகவே தீமை செயலின் இயல்பில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

வேறு இடங்களிலும் இதைப் பார்க்கலாம். கரும்பு இலை யூடிபி-குளுக்கோஸிலிருந்து சர்க்கரையைக் கட்டுகிறது. பல்லில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அதே சர்க்கரையை உடைத்து, குளுக்கோஸைக் கோத்துப் பசையான குளுக்கானாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது, சொத்தை தொடங்குகிறது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ், வெட்டி நாளான கரும்பில் டெக்ஸ்ட்ரானைப் பெருக்கி ஆலைச் சாற்றைக் குழகுழப்பாக்குகிறது. அந்த டெக்ஸ்ட்ரானையே மருத்துவர்கள் இரத்த இழப்பில் தவிப்பவரின் நாளத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. டிஃபிசில் நச்சு தற்செயலாகக் கெடுப்பதல்ல. கெடுப்பதால்தான் பரிணாமத்தில் தேறியது, எனவே கேடு அதன் பணியாகவே ஆகிவிட்டது என்பார்கள். பணி என்ற வரையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணி என்பதே ஓர் உறவின் வரலாறு. பல குழந்தைகளின் குடலில் முதல் வருடத்தில் இந்த பாக்டீரியா நச்சுடன் நோயின்றி இருக்கிறது. நச்சு அங்கும் அதேதான், குடல் வேறு. அகஸ்டீனின் விடை போதாமல் போவதும் இங்கேதான். அந்த நொதியில் குறை எதுவும் இல்லை, அது தன் வேலையைப் பிசகின்றிச் செய்கிறது. குறைவு நோயாளியின் குடலில் அல்லவா என்று அவர் பக்கத்தார் கேட்கலாம். ஆம், ஆனால் அந்தக் குறைவை நிறைவான ஒன்று வந்து உண்டாக்குகிறது, அதை இல்லாமை என்ற சொல்லால் விளக்க முடியவில்லை.

உறவைப் பொறுத்ததென்றால் நன்மை தீமை வெறும் கண்ணோட்டமா என்ற அச்சமும் எழும். தேவையில்லை. உருண்டு சுருங்கிய செல்லுக்கு நேர்ந்த கேடு யாருடைய கருத்தையும் பொறுத்ததல்ல, அளந்து காட்டக் கூடிய உண்மை. இன்னும் கடினமான கேள்வி, இத்தகைய சந்திப்புகளை இறைவன் ஏன் அனுமதிக்கிறான் என்பது. புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைத் தின்னும் குளவிகளை எண்ணி, இவற்றை அருளுள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என்று நம்ப முடியவில்லை என டார்வின் 1860இல் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதினார். என் வாதம் அவருக்கு விடையாகாது. மாயை விளக்குதான் என்ற சித்தாந்தமும் படுக்கையில் கிடக்கும் முதியவரின் வலியை நியாயப்படுத்திவிடாது, நியாயப்படுத்தவும் கூடாது. ஆனால் வலியைத் தீர்க்க எங்கே போக வேண்டும் என்பதில் வேறுபாடு வருகிறது. பொருளே தீயதென்றால் அதை அழிப்பதே மருந்தாகும். டிஃபிசிலில் அழிப்பு மட்டும் பல நேரம் தோற்கிறது. ஆன்டிபயாடிக் அதனுடன் அண்டை பாக்டீரியாக்களையும் அழிப்பதால் நோய் திரும்புகிறது. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மீண்டும் மீண்டும் வந்த இந்நோய்க்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர் தேறினர். நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்த பாக்டீரியாக் கூட்டத்தைக் குடலுக்குள் செலுத்திய 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே தேறினர். அவர்களுக்கும் முதலில் சில நாட்கள் வான்கோமைசின் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோரைத் தேற்றியது, அதற்குப் பிறகு குடலில் குடியேறிய அண்டை உயிர்கள்தான்.