விடுதி யாருடையது?

போன வருஷம் என் சித்தி மகனை ஒரு பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பிரச்சினை அந்த ஒரு கல்லூரியோடு முடிந்துபோகும். நான் சொல்ல வருவது அப்படி முடிகிற விஷயமல்ல.

சேர்க்கையின்போது வழுவழு காகிதத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். கல்லூரிக்கு இரண்டு வளாகங்கள். ஒன்றில் வகுப்பறைகள், ஆய்வகம், நூலகம், கணினிக்கூடம். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றில் பணிமனை: லேத், வெல்டிங், ஃபிட்டிங். விளையாட்டுத் திடல், கேன்டீன், கட்டண விடுதி, இரண்டு வளாகத்துக்கும் நடுவே ஓடுகிற கல்லூரிப் பேருந்து, எல்லாம் படத்தோடு. பையன் பேட்டையில் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டான்: "அண்ணே, நான் தங்கப்போற ஆஸ்டல் இதுல எங்க இருக்கு?"

அது அதில் இல்லை. கல்லூரியின் கட்டண விடுதிக்குக் கட்ட எங்களிடம் பணமில்லை. அவனுக்குக் கிடைத்தது ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான அரசு விடுதி. அது ஊரின் வேறொரு மூலையில். அவன் கணக்கில் கல்லூரி மூன்று இடத்தில் இருக்கிறது, கையேட்டின் கணக்கில் இரண்டு இடம்தான்.

தொழிற்கல்வி பேட்டைக்காரனுக்குப் புதுசில்லை. இந்து கல்லூரி, ராணி அண்ணா பெண்கள் கல்லூரி என்று இருந்தாலும், பேட்டை என்றதும் எங்க சனத்துக்கு ஞாபகம் வருவது அரசு ஐ.டி.ஐ.தான். எங்க மாமா கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்தவர். மில் மூடியபோது அவர் சொன்னது, "ஏலே, மில்லுல வேலை போயிரும், கையில இருக்க வேலை போவாது." அப்பன் பேரையும் தெருப் பேரையும் சொல்லிக் கூப்பிட்ட வாயை, "வெல்டர் வந்தாச்சா?" என்று கேட்க வைத்தது அந்தச் சான்றிதழ். இன்றைக்கு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியிருக்கிறார்கள், 2023-ல் தொடங்கி வைத்தார்கள். ரோபோ வந்திருக்கிறது. நல்லது, வரட்டும். எந்திரத்துக்குத் தீட்டு இல்லை என்று நம்பித்தான் நம்ம பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பணிமனை, காலை எட்டரைக்கு. அரசு விடுதியில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு. பணிமனைப் பக்கம் போகிற டவுன் பஸ் ஏழே முக்காலுக்கு. அடுத்த பஸ் ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டால் பஸ் இல்லை, பஸ் பிடித்தால் சாப்பாடு இல்லை. பட்டினியோடு வெல்டிங் பட்டறையில் மத்தியானம் வரை நிற்க பதினேழு வயசுப் பிள்ளைக்கு முடியாது. சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகப் போனான். தாமதமென்றால் ஆப்சென்ட். பருவ முடிவில் வருகைப்பதிவு குறைவென்று பரீட்சைக்கு உட்காரவிடவில்லை.

இதில் இன்னொன்று. கல்லூரிப் பேருந்து அரசு விடுதி இருக்கிற ரோடு வழியாகத்தான் எட்டு மணி வாக்கில் போகிறது. நிற்காது. ஏனென்றால் அது நிறுத்தமில்லை.

முதல்வரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "அந்த விடுதி எங்களது இல்லையே சார். எங்க வளாகத்துல ஒரு குறை இருந்தாச் சொல்லுங்க, உடனே செய்றேன்" என்றார். விடுதிக் காப்பாளரைப் பார்த்தேன். அவர் நம்ம ஆளு. "தம்பி, ஒம்பது காலேஜ் பையங்க இங்க இருக்கானுவ. ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு நேரம். நான் யாருக்குன்னு ஒலை வைக்க? காலேஜ்காரங்க எங்கள்ட்ட கேட்டா டைம் போட்டாங்க?" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் உறைத்தது. ஒரு தப்பு நடந்திருக்கிறது, தப்புச் செய்த ஆளைக் காணோம். முதல்வர் விதிப்படி நடந்தார். காப்பாளர் விதிப்படி நடந்தார். பஸ் நேரத்துக்கு வந்தது. பையன் மட்டும் பரீட்சை எழுதவில்லை.

நீதி பற்றி நாம் பழகியிருக்கிற யோசனை எல்லாம் ஒரு கொடுமைக்காரனை முன்னால் நிறுத்தி யோசிப்பது. அரிவாளோடு வருகிறவன், இரட்டைக் குவளை வைக்கிறவன், தேரை நம்ம தெருவுக்கு விடாதவன். அவனைக் காட்டி முழக்கம் போடலாம், 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். கொடுமைக்காரன் இல்லாத கொடுமையை எந்தப் பிரிவில் போடுவது? யாருமே மனசால் கெடுதல் நினைக்கவில்லை என்றால் அது அநீதியே இல்லை, துரதிருஷ்டம்தான் என்று சொல்லிவிடலாமா? மழை வராததுபோல?

நான் அப்படி நினைக்கவில்லை. மழைக்குப் பட்டியல் கிடையாது. கையேட்டுக்குப் பட்டியல் உண்டு. எதெது தன் உறுப்பு என்று ஒரு நிறுவனம் எண்ணுகிறபோதே யார் பசி தன் பொறுப்பு என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. இங்கே எண்ணாமல் விட்டதுதான் செயல். வேண்டுமென்று விட்டார்களா, நினைவில்லாமல் விட்டார்களா என்பது அவரவர் மனசாட்சிக்கான கேள்வி. பையனுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். பொதுப் பள்ளியில் நம்ம பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால், 1920-ஐ ஒட்டி சென்னை மாகாண அரசு தொழிலாளர் இலாகாவின் கீழ் தனிப் பள்ளிகள் நடத்தத் தொடங்கியது. கல்வி இலாகா செய்ய வேண்டியதைத் தொழிலாளர் இலாகா செய்தது. கூலி, படிப்பு, வீட்டுமனை எல்லாம் நமக்கு ஒரே ஜன்னல். 1949-ல் அது அரிசன நலத்துறை ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை. அன்றைக்குப் பொதுப்பள்ளி கதவைச் சாத்தியதால் பிறந்த ஏற்பாடு, கதவு திறந்த பிறகும் அப்படியே நிற்கிறது. "அவங்களுக்குத்தான் தனித் துறை இருக்கே" என்பது இப்போது கதவைச் சாத்தாமலே சாத்துகிற வழி.

பேட்டையிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே போனால் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர். தமிழ்நாடு காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1925-ல் அதைப் பெரும் போராட்டமாக்கினார்கள். அந்தச் சண்டை முழுக்க பிராமணர், பிராமணரல்லாதார் என்றே நடந்தது. நம்ம பிள்ளைக்கு எந்தப் பந்தி என்பது அதில் கேள்வியாகவே இல்லை. அது போகட்டும். அதே 1925-ல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் தீண்டப்படாத மாணவர்களுக்கென்று ஒரு விடுதி திறந்தது. தனி விடுதி! இங்கே தனிப் பந்தியை எதிர்த்துப் போராட்டம், அங்கே தனி விடுதிக்கு நம்ம தலைவரே அஸ்திவாரம். இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. மேலே இருக்கிறவன் ஒதுங்கி உட்காருவது வேறு, ஒதுக்கப்பட்டவன் கூடி உட்காருவது வேறு. ஆனால் கூடி உட்கார்ந்த இடத்தையே மற்றவன் ஒதுக்குப்புறமாக்கிவிட்டால் அப்புறம் அது எது? எனக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம்.

ஏனென்றால் நானும் அந்த மாதிரி ஒரு விடுதியில் வளர்ந்தவன். சோறில் புழு கிடந்திருக்கிறது, கழிப்பறைக்குக் கதவு இருந்ததில்லை. ஆனாலும் வெட்கப்படாமல் இரண்டாம் முறை சோறு கேட்டது அங்கேதான். அம்பேத்கர் நூல் தொகுதியின் தமிழ்ப் புத்தகத்தை முதலில் தொட்டதும் அங்கேதான். தனி விடுதியே வேண்டாம், எல்லாரையும் கலந்துவிடு என்று முழக்கம் போட என் நாக்கு எழவில்லை.

இதையும் மறைக்கக் கூடாது. எங்க விடுதியிலும் ஒரு சேரன்மாதேவி இருந்தது. அருந்ததியர் வீட்டுப் பையன் ஒருத்தன் வரிசையில் எப்பவும் கடைசியில் நின்றான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவன் தம்ளரில் நான் தண்ணி குடித்ததில்லை, குடிக்காதே என்று என்னிடமும் யாரும் சொல்லவில்லை. முதல்வரை நோக்கி விரலை நீட்டும்போது அந்தத் தம்ளர் ஞாபகம் வருகிறது. ஆளில்லாத தப்பு என்று நான் சொன்னேனே, அதில் ஒரு ஆள் நான்தான்.

2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள். பள்ளிப் பெயர்களில் சாதியைக் குறிக்கிற சொல் வேண்டாம் என்றும் 2024-ல் கொடுத்த அறிக்கையில் இருந்தது. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் எல்லாம் இனி சமூகநீதி விடுதிகள் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெயர் மாறியது நல்லதுதான், வெளியே போய் விடுதிப் பெயர் சொல்லப் பிள்ளைகள் கூசியது எனக்குத் தெரியும். ஆனால் கல்லூரி விடுதி மாணவருக்கு மாதச் சாப்பாட்டுப் படி 1,100-லிருந்து 1,500 ஆனதே 2023-ல்தான். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். பேட்டையில் ஒருவேளைச் சாப்பாடே அதைத் தாண்டும்.

முதல்வரிடம் மறுபடி போனேன். கையேட்டில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், எங்கள் மாணவர்கள் தங்கும் அரசு விடுதி என்று. பேருந்து அங்கே ஒரு நிமிஷம் நிற்கட்டும் என்றேன். கையேடு அச்சாகிவிட்டதாம். பேருந்து விஷயம் நிர்வாகக் குழுவில் வைக்க வேண்டுமாம். வைக்கட்டும், திரும்பவும் போவேன்.

பையன் இப்போது ஏழே முக்கால் பஸ்ஸில்தான் போகிறான். "பசிக்கலயால?" என்று கேட்டேன். சமையல்கார அக்கா பணிமனை நாளில் மட்டும் நாலு மணிக்கே எழுந்து பதினோரு பையன்களுக்கு இட்லி அவித்து டப்பாவில் போட்டுக் கொடுக்கிறாராம். அது அவருடைய வேலை நேரத்தில் வராது, சம்பளத்திலும் வராது. அதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு அந்த அக்காவைப் புகழ வாய் வரவில்லை. அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.