குறி தவறிய சன்னங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கும் என் காக்காவின் மகன் இலையுதிர் காலத்தில் தாரா வேட்டைக்குப் போகிறவன். பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, முறைப்படி போகிறவன். சென்ற வருடம் ஒரு நாளிரவு தொலைபேசியில் கேட்டான்:

“சாச்சா, பிஸ்மி சொல்லித்தான் சுடுறன். ஈயச் சன்னத்த விட்டுப்போட்டு உருக்குச் சன்னத்தால சுட்டா ஹலாலுக்கு ஏதும் பழுதா?”

நான் மௌலவி அல்லன். ஆனாலும் படித்ததைச் சொன்னேன். வேட்டையைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரழி) கேட்ட கேள்விகளும் நபியவர்கள் (ஸல்) சொன்ன பதில்களும் நம்மிற் பலர் அறிந்தவை. கூர்முனை துளைத்துக் கொன்றது ஆகும். தட்டையாக மோதி அடித்துக் கொன்றது ஆகாது என்பது அவற்றின் சாரம். வெடிமருந்துத் துவக்கு வந்தபோது இமாம்கள் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுத்தார்கள். ஈயக் குண்டு துளைத்துச் செல்கிறது, ஆகவே ஆகும் என்றார் யமன் தேசத்து இமாம் ஷவ்கானி. அது கூர்மையாற் கொல்வதில்லை, வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, ஆகவே ஆகாது என்றார் ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மறைந்தவர்கள். பறவை உயிரோடு கைக்கு வந்தால் அறுத்துவிட வேண்டும் என்பதில் பேதமில்லை. இந்த விவாதத்தில் உலோகம் எது என்பது பிரச்சினையே அல்ல. “ஈயமோ உருக்கோ, அந்தச் சட்டத்துக்கு ரெண்டும் ஒண்டுதான் மகன். உயிரோட எடுத்து அறுக்கப் பார்” என்றேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். அவன் விடவில்லை.

“தாராவுக்கு இஞ்ச ஈயம் தடை. காட்டுக்கோழிக்குத் தடையில்ல. வீட்டில ரெண்டு பெட்டி ஈயத் தோட்டா கிடக்கு. சட்டம் விட்டதப் பாவிச்சா என்ன சாச்சா?”

காட்டுக்கோழி என்று அவன் சொன்னது அந்நாட்டுக் காடுகளில் வாழும் கிரவுஸ் என்ற பறவையை. முதற் கேள்விக்குக் கிதாபில் இடம் இருந்தது. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றிரவு தொடங்கிய யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துவக்குத் தோட்டாவுக்குள் இருப்பது ஒரு குண்டல்ல. 28 கிராம் ஈயத்தை ஆறாம் இலக்கச் சன்னமாக நிரப்பினால் ஏறத்தாழ 225 மணிகள். ஒரு பறவையை வீழ்த்த அவற்றுள் சிலவே போதும். மிச்சம் இருநூற்றுச் சொச்சமும் சேற்றிலோ புல்லிலோ விழுகின்றன. பறவைகளுக்குப் பல்லில்லை. தாரா சிறு கற்களை விழுங்கி, தசை தடித்த தன் இரைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றாலேயே தானியத்தை அரைக்கிறது. கல்லுக்கும் ஈயமணிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கல்லைப் போலவே ஈயமும் அரைபடுகிறது, இரைப்பையின் அமிலம் அதைக் கரைக்கிறது, இரத்தத்தில் கலக்கிறது. பின்னர் குடல் இயங்க மறுக்கும். தொண்டை நிறையத் தீனி இருக்கும், ஆனால் பறவை பட்டினி கிடக்கும். சிறகு தொங்கும், நெஞ்செலும்பு துருத்தும். இரண்டு மூன்று வாரங்களில் ஒரு பற்றைக்குள் ஒதுங்கிச் சாகும். அதைத் தின்ற கழுகுக்கும் நஞ்சு போய்ச் சேரும். ஒன்றிரண்டு மணிகளே இதற்குப் போதுமானவை.

எவரும் குறிவைக்காத, எவரும் பிஸ்மி சொல்லாத, எவரும் உண்ணாத பறவை அது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். விளையாட்டுக்காகச் சுடுகிறவனைப் பற்றியது அது என்றே நான் எண்ணியிருந்தேன். உண்பதற்காகச் சுடுகிறவனின் குறி தவறிய சன்னமும் வீணான கொலை ஒன்றைச் செய்யும் என்பது எனக்குத் தோன்றியதேயில்லை. நம் இமாம்கள் சன்னம் பட்ட பறவையைப் பற்றி நுணுக்கமாக விவாதித்தார்கள். படாத சன்னம் எங்கே போய் என்ன செய்கிறது என்ற கேள்வி அவர்கள் காலத்தில் எழவில்லை. அது நம் காலத்துக்கென்று விடப்பட்டிருக்கிறது.

“நான் அந்தத் தாராவைக் கொல்ல நிய்யத் வைக்கவில்லையே” என்று வேட்டைக்காரன் சொல்லலாம். செயலை எண்ணத்தைக் கொண்டு எடைபோடுவது நமது மார்க்கத்தின் அடிப்படை. ஆனால் அதே மார்க்கம் தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் நட்டஈட்டையும் குற்றப் பரிகாரத்தையும் விதித்திருக்கிறது. எண்ணம் இல்லாமை பாவத்தை நீக்கலாம், பொறுப்பை நீக்குவதில்லை. பொதுவழியில் கிணறு வெட்டியவனைப் பற்றி பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அதில் ஒருவன் விழுந்து மாண்டால், வெட்டியவன் அப்போது தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பாளியே. சேற்றில் கிடக்கும் ஈயமணி, ஆயிரமாயிரம் பறவைகள் வந்திறங்கும் பொதுவழியில் வெட்டப்பட்ட சிறு கிணறு என்றே எனக்குப் படுகிறது.

இதில் காலம் இன்னுமொரு பாரத்தை ஏற்றிவிடுகிறது. அறியாமல் செய்தோம் என்று சொல்லும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜோர்ஜ் பேர்ட் கிறினெல் என்ற அமெரிக்கர் 1894 இலேயே, தாம் நடத்திய வேட்டைச் சஞ்சிகையில் தாராக்கள் ஈயத்தால் மடிவதைப் பற்றி எழுதினார். 1919 இல் அலெக்சாண்டர் வெட்மோர் அந்நாட்டு விவசாயத் திணைக்களத்துக்காக ஆய்வறிக்கை வெளியிட்டார். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுதோறும் ஈய நஞ்சால் இறப்பதாக 1959 இல் பிராங்க் பெல்ரோஸ் மதிப்பிட்டார். அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1991 இல். முதற்குரல் எழுந்து 97 வருடங்கள்! கனடாவில் நாடு தழுவிய தடை 1999 இல் வந்தது. டென்மார்க் 1996 இல் ஈயச் சன்னத்தையே முற்றாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பெப்ரவரியில்தான் அது சட்டமானது.

தடைக்குப் பலன் இருந்தது. 1997 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 இலட்சம் தாராக்கள் இதனால் பிழைத்தன என்று 2000 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்தபின், ஒருவனுடைய இரண்டு பெட்டித் தோட்டாவால் என்ன ஆகிவிடும் என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. அந்த 14 இலட்சமும் ஒவ்வொருவனும் தன் பெட்டியை மாற்றியதால் பிழைத்தவைதாமே.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உருக்கு இலேசானது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் உருக்குக்கு 7.8 தான். அதனால் தூரம் செல்லச் செல்ல அதன் விசை விரைவாகக் குறைகிறது. ஈயத்துக்குப் பழகியவன் அதே தூரத்தில் உருக்கால் சுட்டால் பறவை சாகாமல் காயத்தோடு பறந்துவிடும். ஒரு நஞ்சை நீக்கி ஒரு வதையைக் கொண்டுவருவது நியாயமா? பலமான கேள்வி இது. இதற்கு வேட்டைக்காரர்களே விடை கண்டிருக்கிறார்கள். இலக்கத்தில் இரண்டு படி பருமனான சன்னத்தை எடுப்பது ஒன்று. கிட்ட வரும்வரை காத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதே முக்கியமானது. 1990 களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் செந்தாள் வாத்துகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, வளர்ந்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை உடலில் சன்னத்தைச் சுமந்துகொண்டு பறந்தன. தூரத்திலிருந்து சுடாதீர்கள் என்று வேட்டைக்காரர்களிடையே இயக்கம் நடத்தினார்கள். 2005 அளவில் அந்த விகிதம் பாதியாகியிருந்தது. ஈயத்தை முற்றாக விலக்கிய நாட்டிலேயே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். காயப்படுத்துவது உலோகத்தின் குற்றமல்ல, அவசரத்தின் குற்றம். அறுக்குமுன் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம், சுடுமுன் தூரத்தை அளக்கச் சொல்லாதா?

பழைய துவக்குகளின் மெல்லிய குழாய்க்கு உருக்கு ஒவ்வாது. அவற்றுக்கு பிஸ்மத் கலந்த சன்னம் இருக்கிறது. மென்மையானது, அடர்த்தியில் ஈயத்துக்கு ஓரளவு கிட்ட வருவது. டங்ஸ்டன் சன்னம் ஈயத்தையும் விஞ்சும். இரண்டும் உருக்கைவிடப் பன்மடங்கு விலை. வேட்டையாடித்தான் அடுப்பெரிய வேண்டும் என்ற ஏழைக்கு அது பாரம் என்பது உண்மை. என் மகன் அந்த ஏழையல்லன். உருக்கும் குறையற்றதல்ல, குழாயைக் கீறாமலிருக்க அதை வைத்துச் சுடும் பிளாஸ்டிக் கிண்ணம் புல்லில் விழுந்து கிடக்கும். அதையும் பொறுக்கியெடுக்க வேண்டியவன் சுட்டவனே.

காடு சதுப்பு நிலமல்ல, அங்கே சன்னங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை என்றும் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். தீங்கு குறைவு; ஆனால் இல்லையென்பதில்லை. தரையில் தானியம் பொறுக்கும் புறாவும் கல்லைத்தான் தேடுகிறது. காயத்தோடு தப்பிய பறவையைத் தின்னும் கழுகுக்கு அது காட்டுப் பறவையா நீர்ப்பறவையா என்ற பேதமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பேதமில்லை. சிறுவயதில் எங்கள் வீட்டில் வேட்டையிறைச்சி ஆக்கிய ஒரு நாள், என் பல்லில் ‘கடுக்’கென்று ஏதோ கடிபட்டது. மூத்தாப்பா சிரித்துக்கொண்டே, “ஈயம்தான், துப்பிப்போட்டுத் தின்னு” என்றார். துப்பினேன். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை எப்படித் துப்புவது? ஈயத்தில் ஆபத்தற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுபிள்ளைகளின் மூளையை அது முதலில் தொடுகிறது. உண்பது ஹலாலாக மட்டுமன்றி தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் இருக்க வேண்டும் என்று குர்ஆன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நாம் முதற் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோகப் பழகிவிட்டோம்.

என் மகனும் அப்படித்தான் முதலில் கேட்டான், ஹலாலுக்குப் பழுதா என்று. அதில் தவறில்லை, நம் சமூகமே அப்படித்தான் கேட்கிறது. சட்டம் தடுக்காத இடமெல்லாம் நமக்குச் சொந்தமான வெளி என்று எண்ணுகிறோம். அமெரிக்காவின் அந்த 97 வருடங்களிலும் ஈயம் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. அக்காலத்திலும் தெரிந்தே சுட்டவனுக்கும் தெரிந்தபின் நிறுத்தியவனுக்கும் இடையே வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. அந்த வித்தியாசத்தைச் சட்டப் புத்தகம் பதியவில்லை. இன்னொரு ஏடு பதிந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் நாம்.

ஒரு வாரம் கழித்து அவனுக்கு நானே அழைத்தேன். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப அந்த ரெண்டு பெட்டியையும் கூட்டாளி ஒருத்தனுக்குக் குடுத்திரட்டா?” என்றான்.

“உனக்கு ஆகாதது அவனுக்கு மட்டும் ஆகுமா மகன்?”

சிரித்தான். பெட்டிகளைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டதாகப் பிறகு சொன்னான். இந்த வருடம் உருக்குத்தான். முப்பது யாருக்கு உள்ளே வந்தாலொழியச் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறானாம். போன சனிக்கிழமை விடியற்காலை முதல் குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தானாம். மனைவி கடையில் கோழி வாங்கிவரச் சொன்னாளாம்.

“கோபமா வந்திச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல சாச்சா. எல்லாம் தூரத்தாலயே போச்சு. பாத்துக்கொண்டு இருந்தன்” என்றான்.