காணாமையும் இன்மையும்

அண்டங்கள் பல, வினைக்கீடாக உடல், கருவி, இடம், நுகர்ச்சி என்பன பெற்று அவற்றில் வாழும் உயிர்களும் பல என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. திருவாசகத்துத் திருவண்டப்பகுதியும் அண்டப் பெருக்கினையும், அவையனைத்தும் சிறியவாகத் தான் பெரியோனாய் நிற்கும் இறைவனையும் பேசுகின்றது. அற்றேல், வானநூலார் பல்லாண்டு தேடியும் இந்நிலவுலகிற்குப் புறம்பே அறிவுடைய உயிர் ஒன்றேனும் புலப்படாதது என்னை என்னும் ஐயம் அன்பர் பலர்க்கு நிகழ்கின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லாஸ் அலமோஸில் என்ரிக்கோ பெர்மி என்னும் பௌதிக நூற் பேரறிஞர், நண்பரோடு உண்டிருந்த பொழுது, மற்றையோரெல்லாம் எங்கே என வினவினார். பால்வீதி மண்டலம் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களை உடையது. ஆண்டினாலும் மிகப் பழையது. அதன்கண் ஓரினத்தார் நமக்கு முன்னரே அறிவில் முதிர்ந்திருப்பின், ஒளியினும் மிகக் குறைந்த விரைவிற் செல்லினும், சில கோடி ஆண்டுகளில் எங்கும் பரவியிருக்கலாகும். வந்தார் சுவடோ இல்லை. இதுவே அவ்வினாவின் வலிமை.

1960-இல் பிராங்க் டிரேக் என்பார் கிரீன் பாங்கில் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்னும் இரு விண்மீன்களை நோக்கித் திருப்பி, 21 சென்டிமீட்டர் அலையிற் செவிசாய்த்தார். அவற்றினின்று குறி யாதும் வந்திலது. 1977-இல் ஒகையோவில் 72 வினாடி அளவு வலியதொரு குறி பதிவாயிற்று. அதுவும் மீளக் கேட்கப்பட்டிலது.

இக்காணாமை யாதினை நிறுவும்? பகலொளியில் கண்முன் உள்ள தரையிற் குடம் காணப்படாதாயின், அஃது ஆண்டு இல்லையென்பது துணியப்படும். இருளறையிற் காணப்படாதாயின் அவ்வாறு துணிதல் ஒல்லாது. காணத்தகுவது காணப்படாத வழியே இன்மை பெறப்படும் என்பது அளவை நூலார் வரம்பு. வானநூலாரின் தேட்டம், பேரிருள் மண்டபத்தில் சிறு விளக்கேந்தி ஒரு மூலையை நோக்கியது போல்வதேயாம். ஆராய்ந்த விண்மீன்கள் சில. கேட்ட அலைகள் சில. கழிந்த காலமும் ஒரு மனிதன் வாழ்நாளிற் பெரிதும் மிக்கதன்று. 1974-இல் அரெசிபோவினின்று எம் 13 என்னும் விண்மீன் திரளுக்கு விடுத்த செய்தி ஆண்டுச் சென்றடைய ஏறக்குறைய 25,000 ஆண்டு வேண்டும். மறுமொழி மீள மேலும் அத்துணைக் காலம் வேண்டும்.

அற்றேல், இன்மை பெறப்படாமையின் உண்மை பெறப்பட்டதெனின், அதுவும் பொருந்தாது. ஞாயிற்றையொத்த விண்மீனைச் சுற்றும் கோள் 1995-இல் அறியப்பட்டது. இன்று அறியப்பட்ட புறக்கோள்கள் 5,000-க்கு மேற்பட்டன. இவற்றைக் காட்டி நம் ஆகமங் கூறியதனை விஞ்ஞானம் மெய்ப்பித்தது என மேடையில் முழங்குவார் உளர். வீடு கண்டமையால் குடியிருப்பார் கண்டாராகார். நம் நூல்கள் கூறும் புவனங்களெல்லாம் தொலைநோக்கிக்குப் புலனாம் பருப்பொருளே எனக் கோடற்கும் இடமில்லை. இவ்வாறு வாதித்தல், கருங்கல் மண்டபத்திற்கு மூங்கிற்கால் நட்டு முட்டுக்கொடுப்பதை ஒக்கும். நாளை அம்மூங்கில் சாயின் மண்டபமே சாய்ந்ததென உலகம் நகும்.

இனி, நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. டிரேக் 1961-இல் வகுத்த கணக்கின் ஈற்றுறுப்பு, அறிவு முதிர்ந்ததோரினம் எத்துணைக் காலம் அழியாது நிலைக்கும் என்பது. பெர்மி வினவிய அவ்வூரோ அணுகுண்டு சமைக்கப்பட்ட ஊர். பிற உலகத்தார் தாம் மூட்டிய தீயில் தாமே மாய்ந்தமையாற்றான் வானம் வாளா இருக்கின்றதோ என்று ஐயுறும் அறிஞரும் உளர். அதனைத் துணிதற்கு நம்மிடத்து அளவை இல்லை. ஆயின், அறிவு வளர வளர ஆணவமும் உடன் வளரின் விளைவு யாதென்பதை அறிய வேற்றுலகம் வேண்டா. நம் நெஞ்சமே சாலும்.

ஆதலின் அன்பர்காள், இவ்வண்டத்தில் அறிவுடையேம் நாமே எனச் செருக்குதலும், பிறர் உளரெனக் காட்டினாலன்றிச் சமயம் நில்லாதென அஞ்சுதலும் ஒருங்கே ஒழிக. யாண்டு எவ்வுயிர் இருப்பினும் அதனுயிர்க்குயிராய் நிற்பான் ஒருவனே. அவ்வுயிர்களை நாம் கண்டிலேம். அவன் காணாதது ஒன்றுமில்லை. அரிதிற் பெற்ற இம்மானிடப் பிறவியை அவன் திருவடிக்கு ஆக்கி, உடன் வாழும் உயிர்கட்கு இரங்கி ஒழுகுதலே நமக்குரிய பணியென்க.