நடந்து வரும் கோயில்: வன்னி வழியே கதிர்காமப் பாதயாத்திரை

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் முருகனின் வேலை வணங்கிப் புறப்பட்டு, வன்னிக்குள் இறங்கி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் போய்ச் சேரும் பாதயாத்திரை, இலங்கைச் சைவர்கள் நடக்கும் வழிகளில் மிக நீண்டது. தூரம் 500 கிலோமீற்றருக்கும் மேல். வைகாசியில் புறப்பட்டால்தான் கதிர்காமத்துக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரலாம். உகந்தைமலைக்குப் பிறகு ஊர் கிடையாது. குமண, வியாழைக் காடுகளைக் கடந்தால் மாணிக்க கங்கை, அதற்கும் அப்பால் கதிரமலை.

இவ்வளவு தூரம் நடப்பது ஏன் என்ற கேள்வி சைவத்துக்குள்ளேயே எழுந்த கேள்வி. இறைவன் எங்கும் நிறைந்தவன், உள்ளத்தில் உறைபவன் என்று சொன்ன பிறகு அவனைத் தேடி ஊர் ஊராக அலைவானேன் என்று சித்தர்கள் கடுமையாகவே கேட்டார்கள். இதற்குத் தமிழ் மரபு தரும் மிக ஆழமான விடை பெரியபுராணத்தில் அப்பர் கயிலைக்குப் போன கதையில் இருக்கிறது. கால் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். கை தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார். அதுவும் முடியாமல் போக உருண்டார். கடைசியில் அசையக்கூட முடியாமல் வழியிலே கிடந்தவரை, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னான் இறைவன். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். சோழநாட்டு ஊரிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது. அப்படியானால் புறப்பட்டிருக்கவே வேண்டாமே என்று தோன்றலாம். ஆனால் நடந்து தேய்ந்த உடம்போடு வந்தவருக்குத்தான் ஐயாறு கயிலையாகத் தெரிந்தது. சித்தர் சொன்னதும் உண்மை, அப்பர் நடந்ததும் வீணல்ல.

கதிர்காமம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. பழனிக்கு நடந்து போகிறவருக்கு மலை உச்சியில் தண்டாயுதபாணியின் திருமேனி காத்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோவுக்கு நடக்கும் கத்தோலிக்கர் பேராலயத்தில் அப்போஸ்தலரின் சிலையைக் கட்டித் தழுவுகிறார்கள். கதிர்காமத்தில் கருவறை வாசலில் தொங்குவது திரை. உள்ளே இருப்பது யந்திரம் என்பார்கள். கப்புறாளைமார் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டித் திரைக்குப் பின்னே பூசை செய்வார்கள். விழாவில் யானைமேல் பேழை எழுந்தருளும்போதும் அது மூடியபடியேதான் வரும். மாதக்கணக்கில் நடந்து வந்த கண்ணுக்கு இங்கே காட்டப்படும் உருவம் எதுவுமில்லை. அப்படியானால் காண வேண்டியது வழியில் இருக்க வேண்டும்.

வழியில் மிகச் செறிவான பகுதி வன்னி. நந்திக்கடல் ஓரத்திலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமைப் பொங்கலுக்கு யாத்திரிகர்கள் வந்து சேர்ந்து, அம்மனைக் கும்பிட்டு விட்டே தெற்கே திரும்புவது வழக்கம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாக முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல் நீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டு வந்து, அதிலே திரியிட்டு விளக்கேற்றுவார்கள். எண்ணெய் இல்லை, உப்புநீர்தான் எரிகிறது என்பது அடியார்களின் நம்பிக்கை. விளக்கும் மடைப்பண்டமும் அங்கிருந்து வற்றாப்பளைக்குப் போகும். 2009 மே மாதத்தில் இறுதிப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால், இந்தக் கோயிலிலிருந்து நந்திக்கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. அந்த மண்ணில் கண்ணகிக்குப் பொங்கும் தாய்மாரின் கண்ணீரை வெறும் நேர்த்திக்கடன் என்று ஒதுக்கிவிட முடியாது. நீதி கேட்டு வந்தவளிடம்தான் அவர்களும் வருகிறார்கள்.

வற்றாப்பளைக்குத் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று வழி நீள்கிறது. இவற்றில் தென்கோடிக் கிராமங்களின் மக்கள் 1984 டிசம்பரில் வீடு வளவை விட்டு விரட்டப்பட்டார்கள். போர் முடிந்த பிறகே திரும்ப முடிந்தது. வடக்கிலிருந்து வரும் யாத்திரையும் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. இன்று வேலும் அரோகராச் சத்தமும் வீதியில் வரும்போது, எல்லாவற்றையும் இழந்து மீண்ட இந்தச் சனங்கள் வாசலில் நிறைகுடம் வைத்து, வேல் தாங்கி வருபவரின் காலைக் கழுவி, கூட்டத்துக்குச் சோறு போடுகிறார்கள். வேலோடு வருபவர் ‘சாமி’. பின்னால் துணி மூட்டை சுமந்து வரும் கிழவியும் ‘சாமி’தான். ஊரும் சாதியும் கேட்காமல் எல்லோரையும் ஒரே பெயரால் விளிக்கும் வழக்கம் இந்த வழிக்கு உண்டு.

இந்தச் சோறு யாருக்குப் போகிறது? கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான அடியாரைச் சேராது, அடியாருக்குக் கொடுப்பதோ இறைவனையே சேர்ந்துவிடும் என்பது திருமூலரின் தீர்ப்பு. மெய்கண்டாரின் சிவஞானபோதமும் தன் கடைசிச் சூத்திரத்தில், ஞானம் கைவந்தவர்கூட அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழ வேண்டும் என்கிறது. கோயிலுக்குச் சமமாக அடியாரை வைக்கும் இந்தச் சூத்திரத்தின்படி, யாத்திரை இரு பக்கமும் நடக்கிறது. நடப்பவர் கதிர்காமத்தைத் தேடிப் போகிறார். இருப்பவரின் வாசலுக்குக் கதிர்காமமே வருகிறது. அடுப்படியை விட்டு அசைய முடியாத ஒருத்திக்கும் யாத்திரைப் பலன் உண்டு என்று சொல்லத் தத்துவத்தில் இடமிருக்கிறது. சரியைத் தொண்டு என்று சைவம் சொல்வதில் இதுவும் அடங்கும்.

இந்த மனப்பாங்கு சைவருக்கு மட்டும் உரியதல்ல. ஆவணி மாதத் திருவிழாவுக்கு மடுமாதாவிடம் காட்டுவழியே நடந்து போகும் வன்னிக் கத்தோலிக்கரும், அவர்களுக்கு வழியில் தண்ணீர் கொடுப்பவர்களும் இதை அறிவார்கள்.

வைகாசி, ஆனியில் சோளகம் வீசும் காலம் வன்னி வீதியில் வெயில் கொடியது. வெறுங்காலோடு நடப்பவருக்குத் தார் நெருப்பாய்ச் சுடும். பழைய காலத்தில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் கட்டியவர்கள் இதை உணர்ந்துதான் கட்டினார்கள். கோபுரத்துக்கும் தேருக்கும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகள், முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரையுள்ள வீதியோரத்தில் நாலு வேம்பு நட்டு, ஒரு கிணற்றைத் துப்புரவாக்கிக் கொடுக்கட்டும்.